இருபதில் ஒரு தடவை

“எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?” என்று கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் “இதோ, வழியில இருக்கேன்” என்பார்கள். அப்போதுதான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போயிருப்பார்கள். அக்கா மட்டும், “எட்டேகாலுக்கும் எட்டு நாப்பதுக்கும் நடுவுல வந்துருவேன் தம்பி” என்பார். சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி, தீவிலிருக்கும் பாயான் பாருவுக்குத் தினமும் காடி ஓட்டி வருகிறவர். பாலத்தில் என்றைக்கு வண்டி ஜேம், என்றைக்கு மழை என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அந்த “நடுவுல.”

ஃப்ரீ டிரேட் சோனில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா குவாலிட்டி பிரிவில் இன்ஜினியர். நான் பிளானிங். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, “நீ எழுதினதுல எவ்வளவு உண்மை, எவ்வளவு புளுகு?” என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் காலைக் கூட்டத்துக்கு எட்டு நாற்பதும் தாண்டி, ஒன்பதும் ஆகிவிட்டது. அக்காவைக் காணோம். பெரிய மேனேஜர் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்த அக்காவின் கையில் சூடான கறிபாப் பலகாரம் ஒரு பெட்டி நிறைய. முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னைக்குத் தப்பிடுச்சு! எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க!”

லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். மன்னிப்புக் கேட்டார், அது வேறு. ஆனால் கேட்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நான் கேட்டேன்.

“லேட்டா வந்ததுக்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவாங்களா அக்கா?”

“இருபது தடவை சொன்னா ஒரு தடவையாவது தப்பணும் தம்பி. அந்த மாதிரி கணக்கு வச்சுத்தான் நான் நேரம் சொல்றேன். தப்பவே இல்லைன்னு வை, நான் பயந்துகிட்டு ரொம்ப அகலமாச் சொல்றேன்னு அர்த்தம். காலையிலேர்ந்து ராத்திரிக்குள்ள வந்துருவேன்னு சொன்னா என்னைக்குமே தப்பாது. ஆனா அதை வச்சுக்கிட்டு நீ என்னலா செய்வே?”

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் எல்லோரும் அக்கா எப்போது தப்புவார் என்று ஆவலோடு காத்திருக்க ஆரம்பித்தோம்.

ஃபேக்டரியில் இந்தக் குணத்துக்குப் பாராட்டைவிடத் திட்டுதான் அதிகம் கிடைத்தது. “இந்த லாட்டுல எத்தனை பீஸ் கெட்டது?” என்று மேனேஜர் கேட்பார். அக்கா கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு, “இதுலேர்ந்து இதுக்குள்ள இருக்கும்” என்பார். ஒரே ஒரு நம்பர் வேண்டும் என்பார் மேனேஜர். “எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கட்டுமா? அப்பச் சொல்றேன். ஆனா விக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது” என்பார் அக்கா.

மாலதி என்று ஒரு பெண் புதிதாக லைனில் சேர்ந்தாள். முதல் வாரத்தில் அவளுடைய டிரேயில்தான் அதிக ரிஜெக்ட். லைன் சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்தார்.

“எல்லாருக்கும் ஒரே கைத்திறமைன்னே வச்சுக்கங்க. அப்பவும் யாராவது ஒருத்தர் கடைசியில நிக்கத்தான் செய்வாங்க. இந்த வாரம் அது இவங்க. இன்னும் ஒரு மாசம் பாக்கலாமே?”

ஒரு மாதம் பார்த்தார்கள். மாலதி மற்றவர்களோடு நடுவில் வந்து நின்றாள். சூப்பர்வைசருக்கு லேசான கூச்சம். “சரிதான், இவ நல்ல வேலைக்காரின்னு நிரூபிச்சுட்டீங்க” என்றார்.

“நான் அப்படிச் சொல்லலையே. மோசம்னு சொல்ல ஆதாரம் கிடைக்கலன்னுதான் சொன்னேன்.”

வேலை தப்பியதில் மாலதிக்கு நன்றிதான். ஆனாலும் கேண்டீனில் என்னிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். “ஒரு மாசம் பாத்தாங்கள்ல? ‘நல்லாச் செய்யுறா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா வலிக்கும்?”

இன்னொரு சமயம் அக்கா சரி என்று விட்ட ஒரு லாட், வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. கூட்டத்தில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். அக்கா எழுந்து, “நான்தான் விட்டேன்” என்றார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “ரெண்டு விதமாத் தப்பலாம் தம்பி. நல்லதைக் கெட்டதுன்னு பிடிக்கிறது ஒண்ணு. கெட்டதை நல்லதுன்னு விடுறது ஒண்ணு. ஒண்ணைக் குறைக்கப் போனா இன்னொண்ணு கூடும். எதுக்கு அதிகமாப் பயப்படணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு.”

வீட்டில் அக்காவும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு மகளின் கல்யாணத்தைத் தவிர வேறு கவலை இல்லை. யாரையாவது பார்க்க ஏற்பாடு செய்வார். அக்காவும் முகம் கோணாமல் போய்ப் பேசிவிட்டு வருவார். வந்ததும், “ஒரு தடவை உக்காந்து தோசை சாப்பிட்டதை வச்சு ஒரு மனுஷனைப் பத்தி என்னம்மா சொல்றது?” என்பார். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். “தம்பி, இவ மாப்பிள்ளையையும் லாட்டு லாட்டாக் கொண்டு வரச் சொல்றா. நான் எங்க போவேன்?”

இப்படிப்பட்டவரை எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

பாயான் பாருவில் எங்கள் பிளாட் வரிசையில் இருக்கிறவர்கள் சேர்ந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற பாதையில் ஒரு பந்தல் போடுவோம். சாம்பார் சாதம், தயிர் சாதம், குளிர்ந்த இனிப்புச் சிராப் தண்ணி. ஒரு வருஷம் மத்தியானத்துக்குள் சாதம் தீர்ந்து, வெயிலில் நின்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினோம். அந்த வெட்கத்தில் அடுத்த வருஷம் மலை மாதிரி சமைத்தோம். சாயங்காலம் அண்டா அண்டாவாகக் கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டும்போது எங்கள் பொருளாளர் லெட்சுமி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கு அடுத்த தைப்பூசத்துக்குத்தான் அக்கா வந்தார். அந்த வருஷம் அவர் கரண்டியைத் தொடவே இல்லை. கையில் ஆள் எண்ணுகிற சின்னக் கவுண்டரை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க விட்டுவிட்டுச் சில நிமிஷங்கள் எண்ணுவார், போய்விடுவார், மறுபடியும் வருவார். “வேலை செய்ய வந்துச்சா, டிக் டிக்னு விளையாட வந்துச்சா?” என்று எங்கள் தலைவர் என் காதைக் கடித்தார். தலைவர் லாரி கம்பெனி முதலாளி. அவர் காதைக் கடித்தால் அடுத்த பந்தலுக்கும் கேட்கும்.

மறு வருஷம் ஏற்பாட்டுக் கூட்டம் தலைவர் வீட்டில் நடந்தது. “போன வருஷம் எட்டாயிரம் பேர் வந்தாங்க. இந்த வருஷம் பத்தாயிரத்துக்குச் சமைப்போம்” என்றார் தலைவர்.

“எட்டாயிரம் இல்ல தலைவரே” என்றார் அக்கா. “என் கணக்குல நாலாயிரத்து இருநூறுலேர்ந்து அஞ்சாயிரத்து நானூறுக்குள்ள.”

கூட்டத்தில் சலசலப்பு. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, கணக்குன்னா ஒரு நம்பரா இருக்கணும்லா? அங்கேர்ந்து இங்கேன்னா என்ன கணக்கு?”

“ஒரு நம்பர் சொன்னா அது கண்டிப்பாத் தப்பு தலைவரே. இதுன்னா நம்பி அரிசி வாங்கலாம்.”

“அப்ப எதுக்குச் சமைக்கிறது? நாலாயிரமா, அஞ்சா?”

“உங்களுக்கு எந்தத் தப்பு அதிகம் வலிக்கும்? பத்தாமப் போறதா, மீந்து போறதா?” என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

“பசியோட வந்தவனைத் திருப்பி அனுப்புறதுதாம்மா” என்றார் தலைவர், சத்தமில்லாமல்.

“அப்ப மேல் எல்லைக்கே அரிசி வாங்குவோம். ஆனா கடைசிப் பங்கைக் கழுவாம மூட்டையிலேயே வச்சிருப்போம். மத்தியானம் கூட்டத்தைப் பாத்துட்டு உலை வைக்கலாம். மீந்தா அரிசியா மிஞ்சட்டும்.”

லெட்சுமி அக்கா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு கூட்டம் முடிந்திருக்கும். லெட்சுமி அக்கா உறுமி மேளத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். பந்தல் முன்னால் அடிப்பதற்கு கெப்பாலா பத்தாஸிலிருந்து சிவா என்பவரின் குழு வரும். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர் சிவா. குழுவில் மற்றவர்களும் அதுமாதிரி வேலைக்காரர்கள்தான். இந்த வருஷம் மேளத்தை நிறுத்திவிட்டு அந்தச் செலவையும் சாப்பாட்டில் போடலாம் என்றார் லெட்சுமி அக்கா. தலைவர் துள்ளிக் குதித்தார்.

“மேளச் சத்தத்துக்குத்தானே கூட்டம் திரும்பிப் பாக்குது! வர்றதுல பாதிப் பேர் மேளத்துக்கு வர்றவன்!”

சிவாவின் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேர் விலகிப் போகிற யோசனையில் இருந்தார்கள். எங்கள் பந்தலும் கைவிட்டால் குழு அந்த வருஷத்தோடு கலைந்துவிடும். எனக்கு அது தெரியும். சொன்னேன்.

“எனக்கென்னவோ மேளத்தால ஒரு வித்தியாசமும் இருக்காதுன்னு தோணுது” என்றார் அக்கா. “ஆனா எனக்குத் தோணுறதை வச்சு ஒரு குழுவைக் கலைக்க முடியாது. வித்தியாசம் இல்லைன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிப்போம். அன்னைக்கு நடக்கிறது அதை உடைக்குதான்னு பாக்கலாம்.”

தைப்பூசத்தன்று காலை அக்கா ஓர் இருபது காசு நாணயத்தோடு வந்தார். ஒவ்வோர் அரை மணி நேரத்துக்கும் அதைச் சுண்டிப் பார்ப்பது. பூ விழுந்தால் மேளம் அடிக்கலாம். நம்பர் விழுந்தால் நிறுத்த வேண்டும். அந்த அரை மணியில் பாதையில் நடந்து போகிற நூறு பேரை நான் எண்ணுவேன். அந்த நூறு பேரில் எத்தனை பேர் எங்கள் பந்தலுக்குள் திரும்புகிறார்கள் என்று லெட்சுமி அக்கா எண்ணுவார். “நமக்குப் பிடிச்ச நேரத்துல நிறுத்தினா நாமளே கணக்கைக் கெடுத்துருவோம். காசுக்கு யாரையும் தெரியாது” என்றார் அக்கா.

முதல் தடவை பூ. அடித்தார்கள். இரண்டாவது தடவை நம்பர். அக்கா போய்ச் சொன்னதும் சிவா உறுமியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். ஆறடி உயரம்.

“மிஸ், சாமிக்கு அடிக்கிறோம். காசைச் சுண்டிப் பாத்தா அடிப்போம்?”

“கோவிச்சுக்காதீங்க பாஸ். நீங்க நிறுத்தினாத்தான் நீங்க அடிச்சதுக்கு என்ன மதிப்புன்னு தெரியும்.”

“மதிப்பு இல்லைன்னு வந்தா?”

“வந்தா, அதையும் நானே உங்ககிட்ட வந்து சொல்வேன். வேற ஆளை விட்டுச் சொல்ல மாட்டேன்.”

சிவா அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, “உக்காருங்கடா, சிராப் குடிங்க” என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மத்தியான வெயிலில் மறுபடியும் நம்பர் விழுந்து, மேளம் ஓய்ந்திருந்த நேரம். பால் காவடி எடுத்த ஒரு பெண் எங்கள் பந்தல் முன்னால் வந்ததும் கால் தள்ளாடி நின்றுவிட்டார். கூட வந்தவர்கள் வேல் வேல் என்று கத்திப் பார்த்தார்கள். கால் நகரவில்லை. சிவா உறுமியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

“அடிங்க!” என்று கத்தினார் அக்கா. “அடிங்க பாஸ், என்னை என்ன பாக்குறீங்க?”

அடித்தார்கள். தார்ச்சாலை அதிர்கிற மாதிரி அடித்தார்கள். அந்தப் பெண்ணின் கால் முதலில் மெல்லத் தட்டியது. பிறகு ஆடியது. ஆடிக்கொண்டே மலைப்பக்கம் போய்விட்டார். நான் கவுண்டரோடு விழித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, இப்ப எண்ணினது?”

“அதை விட்டுரு தம்பி. இந்த அரை மணி நேரம் சாமிக்கு. நம்ம கணக்குல சேராது.”

சாப்பாட்டு விஷயம் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பங்கில் பாதிக்கு மட்டும் உலை வைத்தோம். கடைசியாக வந்த ஒரு குடும்பத்துக்குத் தயிர் சாதம் கொடுத்தபோது அண்டாவின் அடி தெரிந்தது. மீந்த அரிசி மூட்டையிலேயே இருந்தது. தலைவர் அந்த மூட்டையைக் குழந்தையைத் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, கவிழ்த்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து அக்கா போனில் கணக்குப் போட்டார். தலைவர், லெட்சுமி அக்கா, சிவா, அவருடைய ஆட்கள், நான், எல்லோரும் சுற்றி நின்றோம். அக்கா ஒரு தடவை போட்டார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் முதலிலிருந்து போட்டார். பிறகு தலையைத் தூக்கினார். கறிபாப் பெட்டியோடு கதவைத் திறந்த அன்று பார்த்த அதே முகம்.

“நான் நினைச்சது தப்பு!” என்றார். “மேளம் அடிச்சா ஆள் கூடுது! நூறு பேர் நடந்து போனா, மேளம் இல்லாதப்ப திரும்புறதைவிட நாலுலேர்ந்து பதினோரு பேர் வரைக்கும் கூடுதலாத் திரும்புறாங்க. பூஜ்யம் அதுக்குள்ள இல்ல! மேளத்தால ஒண்ணுமில்லைன்னா, சும்மா அதிர்ஷ்டத்துல இவ்வளவு வித்தியாசம் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்.”

“நான்தான் பாதிக் கூட்டம்னு சொன்னேனே!” என்றார் தலைவர்.

“நீங்க சொன்னதும் தப்பு தலைவரே. மேளம் இல்லாதப்பவே நூத்துக்கு முப்பது பேர்கிட்டத் திரும்புறாங்க. பாதி எங்க, பதினொண்ணு எங்க?”

தலைவர் ஒரு கணம் யோசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். லெட்சுமி அக்காவும் சிரித்துவிட்டார். “சரி, மேளம் இருக்கட்டும். நாலு பேர் கூடுதலாச் சாப்பிட்டாலும் நாலு வயிறுதானே” என்றார். சிவா உறுமியின் தோலைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். விலகிப்போக நினைத்த இரண்டு பேரில் ஒருவன், “அண்ணே, அடுத்த ஞாயிறு பயிற்சி உண்டுதானே?” என்று கேட்டான்.

ஒரு வாரம் கழித்து சிவா ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்காவிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம்.

“மிஸ், அந்த நாலுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. நாங்க இன்னும் நல்லா அடிச்சா பதினஞ்சு ஆகுமா?”

“தெரியலையே பாஸ். பாத்தாத்தான் தெரியும்.”

அக்கா பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்குப் போனார். கோயில் திருவிழாக்களில் கவுண்டரோடு போனார். பிறகு கவுண்டர் இல்லாமலும் போனார். அம்மா எனக்குப் போன் போட்டார்.

“தம்பி, வாரா வாரம் இவ கெப்பாலா பத்தாஸுக்கு எதுக்குப் போறா?”

“மேளம் கேக்க அம்மா.”

“இவளா? மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்துவாளே!”

ஓராண்டுக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் என்னையும் வீட்டுக்கு வரச் சொல்லி, அம்மா முன்னால் வைத்து அக்கா சிவா விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. “இத்தனை பேரைப் பாத்தே. இவர்தான்னு எப்படிடி முடிவு பண்ணினே?” என்று கேட்டார்.

“வேணாம்னு சொல்றதுக்கு எதாவது கிடைக்குமான்னு ரொம்ப நாளாத் தேடுறேன்மா. கிடைக்கவே மாட்டேங்குது” என்றார் அக்கா. சொல்லும்போது காது மடல் சிவந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். “இதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா தம்பி?”

“எடுத்துக்கங்க அம்மா” என்றேன்.

கல்யாணம் கெப்பாலா பத்தாஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி, சாப்பாடும் முடிந்த பிறகு சிவாவின் குழு மேளத்தை எடுத்தது. விலக நினைத்த இருவரும் முன்வரிசையில். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை, மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியோடு போய் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டார். தலைவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நடுவில் இறங்கினார். அவரைத் தள்ளிக்கொண்டு அக்காவின் அம்மா இறங்கினார். இத்தனை வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்ட அந்தக் கைகள் இரண்டும் தலைக்கு மேலே இருந்தன.

அக்கா மேடையின் விளிம்பில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். மேளம் ஒரு பக்கம் போனால் அக்காவின் கை இன்னொரு பக்கம் போனது. ஒரு தட்டுகூடச் சேரவில்லை. சிவா அடிப்பதை நிறுத்தாமலே சிரித்துக்கொண்டு கத்தினார்.

“மிஸ்! தாளம் தப்புது!”

“தப்பட்டும் பாஸ்!” என்று அக்கா பதிலுக்குக் கத்தினார். “நீங்க அடிங்க!”